எட்டாம் நம்பர் அண்டா

எங்கள் கடையில் எட்டாம் நம்பர் அண்டா கிடையாது. ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது. நடுவில் நிற்பதன் பெயர் ஏழு ஏ. காரிமங்கலத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது நடந்தாலும் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிற கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் என் மாமியாருடையது. நானும் என் கணவரும் அதில் வேலை பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எட்டு என்று பெயின்ட் அடித்த அண்டா ஒன்று இருந்ததாம். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கும்போது அதை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்களாம். "எட்டு நம்பர் வேணாங்க, நல்ல காரியம்" என்பார்களாம். இரண்டு வருஷம் அது சும்மாவே கிடந்திருக்கிறது. மூன்றாம் வருஷம் அத்தை அந்த எட்டைச் சுரண்டிவிட்டு 7A என்று எழுதினார். அடுத்த முகூர்த்தத்துக்கே அண்டா கிளம்பிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் அத்தை எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. பதினேழின் கூட்டுத்தொகையும் எட்டுதானே என்று அது 16A ஆனது. இருபத்தாறு 25A. முப்பத்தைந்து 34A. வண்டி நம்பருக்குக் கூட்டிப் பார்க்கிற ஊரில் அண்டாவுக்குக் கூட்டிப் பார்த்தால் என்ன தப்பு என்பது அவர் கட்சி. ஆக மொத்தம் நாற்பது அண்டாக்கள், அதில் நாலு மட்டும் இப்படி வாலோடு திரிகின்றன. இட்லிக் கொப்பரை ஆறு, பெரிய வாணலி ஏழு. வாணலியில் எட்டாவது ஒன்று வாங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, எதுக்கு வம்பு என்று அத்தை ஏழோடு நிறுத்திவிட்டார்.

எந்தப் பாத்திரமானாலும் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் குறி இருக்கும். அண்டாவுக்கு AN, கொப்பரைக்கு IK, வாணலிக்கு VA, பக்கத்தில் எண். எழுதுவது அத்தைதான். அவர் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும்.

நான் பி.இ. கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பிறகு கல்யாணம், குழந்தை, கடை என்று ஆறு வருஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு கம்பெனிகள் அந்த ஆறு வருஷத்தைப் பார்த்துவிட்டே வேண்டாம் என்றன. நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். நாற்பது அண்டா கழுவினேன் என்றா சொல்ல முடியும்? வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெங்களூர் கம்பெனி கூப்பிட்டது. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, வீடியோவில் நேர்காணல். எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், தனியாக இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"ஆறு வருசமா தொடாதத இப்பத் தொட்டா ஒட்டுமா? மொதல்ல நம்ம பாத்திரத்த அந்தப் பொட்டியில ஒழுங்கா எண்ணிக் காட்டு. அப்பறம் பெங்களூர்க்காரனுக்கு எண்ணலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. "எண்ணிக் காட்டறன் அத்தை" என்றேன்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் வெளியே போன பாத்திரமெல்லாம் வீடு திரும்பிவிடும். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணிக் கொட்டகைக்குள் அடுக்குவது எங்கள் வருஷாந்திர வழக்கம். அந்த வருஷம் என் கணவர் குறியை உரக்கப் படிக்க, நான் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே போனேன். "ஏ என் ஆறு. ஏ என் ஏழு. ஏ என் ஏழு ஏ." ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய காது. எதுவும் உறுத்தவில்லை.

நேர்காணலுக்கு எல்லோரும் படிக்கிற கேள்விப் பட்டியல்களில் தவறாமல் வருகிற ஒன்று: எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரத்தைத் தனித்தனியாகப் பிரி. சரம் என்றால் பூச்சரம் போலத்தான். பூவுக்குப் பதில் எழுத்தும் எண்ணும் வரிசையாகக் கோத்திருக்கும். பிரிக்கும் வழியும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி சுலபம். சரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, நீ எண்ணா என்று பைதான் என்கிற கணினி மொழியிடம் கேட்கச் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் இந்தக் குவியல், இல்லை என்றால் அந்தக் குவியல். AN6 என்று கொடுத்தால் AN ஒரு பக்கம், 6 ஒரு பக்கம் வந்து விழும். எழுத்துக் குவியல் என்ன பாத்திரம் என்று சொல்லும், எண் குவியல் எத்தனையாவது என்று சொல்லும் என்பதால், எங்கள் பட்டியலுக்கும் அதையே நிரலாக எழுதினேன். எட்டே வரி. எட்டு என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மாலை காபி நேரத்தில் அத்தையின் முன்னால் மடிக்கணினியை வைத்து, தோரணையாக ஒரு விரலால் தட்டினேன். கொப்பரை ஆறு, வாணலி ஏழு, அண்டா முப்பத்தாறு என்று வந்தது.

அத்தை காபியைக் கீழே வைத்தார். "நாலு எங்க?"

"எறக்கி எண்ணித்தான வாங்கினேன்" என்றார் என் கணவர்.

"நீ எண்ணின லட்சணம்தான் இதுல தெரியுதே." அதுவரை அந்தப் பெட்டியை நம்பாத அத்தை, அது யாரையோ குற்றம் சொன்னதும் அப்படியே நம்பிவிட்டார். மறுபடி இறக்கி எண்ணலாம் என்றால், அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அவற்றின் முன்னால் முன்னூறு நாற்காலிகளை அடுக்கி முடித்திருந்தோம். அதை யார் நகர்த்துவது? தவிர, கம்ப்யூட்டர் தப்பாகவா எண்ணும் என்று நானே சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

கடைசியாக மொத்த அண்டாவையும் எடுத்துப் போனது நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. அத்தை அப்போதே போனைப் போட்டுவிட்டார். அத்தை போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துத்தான் பேசுவார். "ஏங்க, நாலு அண்டா கொறையுதுங்க. ஒன்னு ரெண்டுன்னா மறந்துட்டீங்கன்னு சொல்லலாம், நாலுங்க" என்றார். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா ஏதோ சொன்னார். "தேடிப் பாருங்க, மாட்டுக் கொட்டாயில பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள்தான் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் உட்கார்ந்தேன். எத்தனை என்று கேட்டேனே தவிர, எந்த நாலு என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. ஒன்றிலிருந்து நாற்பது வரை எதெல்லாம் இல்லை என்று கேட்டேன். திரையில் வந்தது: 8, 17, 26, 35.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததே இல்லாத நாலு அண்டாக்களைக் காணோம் என்கிறது. அடுத்த நிமிடம் நல்லம்பள்ளிக்குப் போட்ட போன் நினைவுக்கு வந்தது. AN7A வந்தபோது என் நிரல் 7-ஐ எடுத்து எண் குவியலில் போட்டுவிட்டு, முன்னால் நின்ற AN, பின்னால் நின்ற A இரண்டையும் சேர்த்து எழுத்துக் குவியலில் போட்டிருக்கிறது. ANA என்று புதிதாக ஒரு பாத்திர வகையே முளைத்திருக்கிறது. நான் காட்டச் சொன்னது எனக்குத் தெரிந்த மூன்று வகைகளை மட்டும். நாலு ANA-வும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வரவில்லை.

அத்தையிடம் சொல்ல வேண்டும். வேலைக்குப் போவது பற்றிய பேச்சே இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். அவர் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பேசின பேச்சு அப்படி. நேர்ல போவணும். பொடவ மாத்திகிட்டு வா" என்றார்.

"இன்னைக்கு மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ அத்தை."

"ரெண்டுக்குள்ள வந்துரலாம். பொட்டியவும் எடுத்துக்க, எதுக்கும்."

என் கணவர் கிருஷ்ணகிரிக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். தர்மபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தோளில் மடிக்கணினி. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது கல்யாணப் பெண். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். உட்காருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் வரவில்லை. கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கட்டியிருந்த ஆட்டை நாங்களும் எங்களை ஆடும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா வந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தலையில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"கொட்டாயப் பாக்க வந்தீங்களா? போயிப் பாருங்க, தொறந்துதான் கெடக்குது."

அத்தை எழுந்து நின்று, அண்டா எல்லாம் எங்களிடமே இருக்கிறது, கணக்கில் தப்பு நடந்துவிட்டது என்றார். நான் ANA-வை விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க? நேத்து நீங்க போன் போட்டப்ப எம் மருமவன் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிகிட்டிருந்தாரு. எம்பொண்ண வுட வந்தவரு. நீங்க பேசினது அத்தனையும் அவரு காதுல வுழுந்துச்சு. கல்யாணமாயி ஒன்ர மாசம். அவங்க வூட்டுல போயி என்ன சொல்லுவாரு? பொண்ணு வூட்டுக்காரங்க அண்டாவ அமுக்கிட்டாங்கன்னுதான?"

ஒரே ஒரு A. அது எங்கே நின்றது என்று நான் பார்க்காமல் விட்டதற்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் புகுந்த வீட்டில் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

"போன்லதான சொன்னீங்க? போன்லயே சொல்லுங்க. அவருக்குப் போடறன், எங்க மேல தப்பில்லன்னு ஸ்பீக்கர்ல சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

அத்தையின் முகம் இறுகிவிட்டது. மன்னிப்புக் கேட்க இத்தனை தூரம் வந்தவர்தான். ஆனால் மாப்பிள்ளைப் பையன் ஒருவனிடம் போனில், அதுவும் ஸ்பீக்கரில் கேட்பதா? அவர் ஆட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மணியைப் பார்த்தேன். இரண்டு ஐம்பது.

என் முகத்தைப் பார்த்துக் கேட்டது கல்யாணப் பெண்தான். "என்னங்கக்கா?" நேர்காணல் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னையும் மடிக்கணினிப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூமத் தொறந்து வுடு. ஆட்ட அந்தாண்ட புடிச்சிக் கட்டு" என்றார்.

அந்த அறையில் சீர்வரிசைப் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் இருந்தன. ஒரு கிரைண்டர் பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்து, என் போனிலிருந்து இணையம் எடுத்தேன். அந்தப் பெண் எனக்குப் பின்னால் தொங்கிய துணிகளைச் சுருட்டி எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன்.

கேள்வி கேட்டவர் கேமராவைப் போடவில்லை. அலுத்துப்போன குரல். ஆங்கிலத்தில் பெயர், ஊர், ஆறு வருஷம் எல்லாம் கேட்டுவிட்டு முதல் கணக்கைக் கொடுத்தார். எழுத்தும் எண்ணும் கலந்த சரம் ஒன்று, தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

அந்த எட்டு வரி எனக்குத் தூக்கத்திலும் வரும். எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். கை விசைப்பலகைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது.

"இந்தச் சரங்களை எழுதியது யார்?" என்று கேட்டேன்.

"ஏன்?" என்றது குரல்.

அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. நாற்பது அண்டாவையும் பெங்களூருக்குச் சொன்னேன். எட்டு ஆகாத ஊரைச் சொன்னேன். இரண்டு குவியலாகப் பிரித்தால் எந்த எழுத்து எண்ணுக்கு முன்னால் நின்றது, எது பின்னால் நின்றது என்பது போய்விடும் என்றேன். என் நிரல் ஒரு குடும்பத்தைத் திருடர்கள் ஆக்கிவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது, இப்போது அவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. வேலை கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா இது?

"சரி, இப்போது எப்படி எழுதுவீர்கள்?" என்றார்.

எழுத்து எண்ணாக மாறுகிற இடத்தில் ஒரு வெட்டு, எண் மறுபடி எழுத்தாக மாறுகிற இடத்தில் இன்னொரு வெட்டு. AN, 7, A என்று மூன்று துண்டுகள், நின்ற வரிசையிலேயே. எழுதிக் காட்டினேன். தெரியாத வகை வந்தால் விழுங்காமல் கத்தச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தேன். அந்த நேரம் பார்த்து ஆடு கத்தியது. அது என்ன சத்தம் என்று அவர் கேட்டார். ஆடு என்றேன். அலுத்த குரல் முதல் தடவையாகச் சிரித்தது. அதன்பிறகு இன்னும் நாலு கேள்விகள் கேட்டார். அதில் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன்.

மூடிவிட்டுத் திரும்பினால், கதவோரம் மூன்று பேரும் நிற்கிறார்கள். அந்தப் பெண் பி.எஸ்சி. படித்தவள். நான் பேசியதை எல்லாம் அவர்கள் இருவருக்கும் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"தப்பு எம்மேலன்னு அந்த பெங்களூர்க்காரர்கிட்டயே சொல்லிட்டீங்களாமே கண்ணு. வேல போயிடாதா?" என்றார் அந்த அம்மா.

"போனாலும் போவும்ங்க" என்றேன்.

அத்தை முன்னால் வந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். "மாப்ளைக்குப் போன் போடு சாமி. ஸ்பீக்கர்ல போடு."

அத்தை பேசியது, வழக்கம்போல, பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும். "தம்பி, நான் அண்டாக் கடக்காரம்மா பேசறன். உங்க மாமியா வூட்டு மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் வெசாரிக்காம பேசிட்டேன்" என்றார். என் பெயரையோ என் பெட்டியையோ இழுக்கவே இல்லை. அந்தப் பக்கம் மாப்பிள்ளை, "பரவால்லீங்க, நான் அப்பவே நம்பலீங்க" என்றார். கல்யாணப் பெண் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்தது. இப்போது வெட்கப்படவில்லை. அதன்பிறகு எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. களியும் அவரைக்காய்க் குழம்பும் தட்டில் வந்தன. நாங்கள் கொண்டுபோன வாழைப்பழத்தையும் எங்களுக்கே ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

பஸ்ஸில் அத்தை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரிமங்கலத்தில் இறங்கும்போது மட்டும், "அந்தாளு சிரிச்சாரில்ல? அப்பக் கெடைக்கும்" என்றார்.

கிடைத்தது. மூன்று வாரம் கழித்துக் கம்பெனி மடிக்கணினி கூரியரில் வந்து சேர்ந்தது. அத்தைதான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தார். மூடியின் மேல் கம்பெனி ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். LT17 என்றிருந்தது. கூட்டிப் பார்த்திருக்கிறார். நான் என் பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பார்க்கும்போது, கடை வாசலில் சிவப்புப் பெயின்ட் டப்பா திறந்திருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் 16A என்று அழகாக எழுதி, காய்வதற்கு நிழலில் வைத்திருந்தார்.

"ஐயோ அத்தை, இது கம்பெனியோடது!"

"இருக்கட்டும். நம்ம வூட்டுல இருக்கற வரைக்கும் நம்மளுது" என்றார் அத்தை. "நல்ல காரியத்துக்கு எட்டோடவா அனுப்புவாங்க?"

முதல் நாள், என் போனிலிருந்து வீடியோவில் சேர்ந்து, மடிக்கணினி வந்துவிட்டது என்று தூக்கிக் காட்டியபோது யாரோ அதைப் பார்த்துவிட்டு, அது என்ன பதினாறு ஏ என்று கேட்டார்கள். பதினேழுங்க என்றேன். அந்தப் பெயின்டை நான் சுரண்டவில்லை.